லூபஸ் இருக்கிறது, எச்டிஎல் 62. மாரடைப்பு பயம் வேண்டாம்தானே?

கேட்டவருக்கு வயது 34, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) வந்து ஏழு வருடம். லேப் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 198, எச்டிஎல் 62, டிரைகிளிசரைடு 140. கீழே விகிதம் 3.2, ‘லோ ரிஸ்க்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்பலாமா என்பது கேள்வி.

அந்த ஒரு வரியை நம்பி இருந்துவிடாதீர்கள். பயமுறுத்துகிறேன் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். ‘நல்ல கொழுப்பு அதிகமா இருக்கு, கவலையை விடுங்க’ என்று லூபஸ்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே பல வருடக் கவனிப்பு வீணாகிறது. ‘நல்ல கொழுப்பு’ என்று எவர் பெயர் வைத்தாரோ, அந்தப் பெயரே பாதி குழப்பத்துக்குக் காரணம்.

அந்தப் பெயர் பெற்ற எச்டிஎல் என்பது கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள். அந்தத் துகள்களுக்குள் எத்தனை மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பதை மட்டும்தான் லேப் அளக்கிறது. துகள் வேலை செய்கிறதா என்பதை அது அளப்பதில்லை. முக்கியமான வேலை இரண்டு. தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கிக் கிடக்கும் செல்களிடமிருந்து, ஏபிசிஏ1 என்ற வாயில் வழியாகக் கொலஸ்ட்ராலை வாங்கிக் கல்லீரலுக்குக் கொண்டுபோவது ஒன்று. தன்னோடு ஒட்டியிருக்கும் பாரஆக்சோனேஸ் என்ற நொதியை வைத்து, ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் அடையாமல் தடுப்பது மற்றொன்று.

லூபஸில் இரண்டுமே கெடுகின்றன. வெள்ளணுக்கள் வெளிவிடும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி, எச்டிஎல்லின் முதன்மைப் புரதமான ஏப்போ ஏ1-ஐச் சிதைத்துவிடுகிறது. சிதைந்த புரதத்தால் அந்த வாயிலில் கொலஸ்ட்ராலை வாங்க முடியாது. அழற்சி ஏறும்போது சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதம் வந்து ஏப்போ ஏ1-இன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாரஆக்சோனேஸின் வேகமும் குறைகிறது. இத்தனைக்கும் பிறகு ரிப்போர்ட்டில் அதே 62 வரலாம்.

இது வெறும் ஊகம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2006-இல் வெளியிட்ட ஆய்வின் முறை எளிமையானது. எல்டிஎல்லோடு, ஆக்சிஜனேற்றம் ஏறினால் ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். ஆரோக்கியமானவரின் எச்டிஎல்லை விட்டால் ஒளிர்வு குறையும். லூபஸ் உள்ள பெண்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேரின் எச்டிஎல் ஒளிர்வைக் கூட்டியது. லூபஸ் இல்லாதவர்களில் அப்படி இருந்தது சுமார் 4 சதவீதம்தான். 2009-இல் அதே குழு கழுத்துத் தமனியையும் ஸ்கேன் செய்தது. அதில் கொழுப்புப் படிவு இருந்த லூபஸ் பெண்களில் 87 சதவீதம் பேருக்கும், படிவு இல்லாதவர்களில் 41 சதவீதம் பேருக்கும் இந்தக் கெட்டுப்போன எச்டிஎல் இருந்தது.

பிட்ஸ்பர்க்கில் 1997-இல் வந்த கணக்கு இன்னும் கடுமையானது. 35 முதல் 44 வயதுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு, அதே வயதுப் பிற பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல். அந்த வயதில் பொதுவாகப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது, அதனால் மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இனி உங்கள் ரிப்போர்ட். 3.2 என்பது 198-ஐ 62-ஆல் வகுத்து வந்தது. வகுக்கும் எண்ணே நம்பிக்கைக்குரியதாக இல்லாதபோது விடையை வைத்து நிம்மதி அடைய முடியாது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள்: 136. தமனியில் படியக்கூடியது எல்லாம் இதற்குள் அடக்கம். டிரைகிளிசரைடை 5-ஆல் வகுத்து (28) அதையும் கழித்தால் எல்டிஎல் 108. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. முடிந்தால், தமனியில் படியக்கூடிய துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஏப்போ பி சோதனையும் பாருங்கள். நோய் பொங்கியிருக்கும் வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்போது எச்டிஎல் இறங்கி டிரைகிளிசரைடு ஏறும். எச்டிஎல்லின் வேலைத்திறனை அளக்கும் சோதனை ஆய்வுக்கூடங்களோடு சரி, ‘ஃபுல் பாடி பேக்கேஜ்’ எதிலும் அது கிடையாது.

எண்ணை ஏற்ற மாத்திரை கேட்காதீர்கள். எச்டிஎல்லை நன்றாக ஏற்றிய டார்செட்ராபிப் மருந்தின் சோதனையை 2006-இல் நிறுத்தினார்கள், எடுத்தவர்களில் இறப்பு கூடியதால். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் லூபஸ் உள்ள எல்லோருக்கும் என்று இல்லை. பால்டிமோரில் லூபஸ் உள்ள 200 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அட்டார்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் 40 மில்லிகிராமும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்ததில், இதயத் தமனிச் சுண்ணாம்புப் படிவில் இரு பகுதிக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எல்டிஎல் அதிகம் என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், நிறுத்தாதீர்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பலன் தருவது லூபஸுக்கே கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை. அளவு, எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 60 கிலோ என்றால் 300. ஒருநாள் 200, மறுநாள் 400. கண் போய்விடும் என்று பயந்து பாதியில் விடுபவர்கள் உண்டு. தொடக்கத்தில் ஒருமுறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்த்தால் போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு, பிரெட்னிசோலோன் கணக்கில், ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமோ அதற்குக் கீழோ வர வேண்டும் என்பது இலக்கு, ஆனால் டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே. சிறுநீரில் புரதம் போனால் கொலஸ்ட்ராலும் சேர்ந்து ஏறும், அதை விடாமல் பாருங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பசி எடுக்கவும் தெம்புக்கும் என்று அல்ஃபால்ஃபா டானிக், மாத்திரை, முளைவிதை விற்கிறார்கள். நம் ஊரில் மாட்டுத் தீவனமாகப் போடும் குதிரை மசால்தான் அது. கொலஸ்ட்ராலும் குறையும் என்கிறார்கள். அதன் விதையிலும் முளையிலும் கனாவனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. முளையைத் தின்ற குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்ததை 1982-லேயே எழுதிவிட்டார்கள். உங்களுக்கு எந்த வடிவத்திலும் வேண்டாம்.

மாடி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, தாடை, தோள், நெஞ்சில் அழுத்தம் வந்தாலோ, ‘சின்ன வயசு, கேஸ்தான்’ என்று சொல்ல ஆள் இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலிலேயே ‘எனக்கு லூபஸ் இருக்கிறது’ என்று சொல்லி, ஈசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் இரத்தச் சோதனையும் பார்க்கச் சொல்லுங்கள்.