நூறு பக்கம் தாண்டியும் பிடிபடவில்லையே!

கேள்வி: ஸ்டீவன் எரிக்சனின் மலாசான் என்ற மாயாஜாலக் கதை வரிசை, பத்து நாவல். முதலாவதை தக்கலை - நாகர்கோவில் பஸ்ஸில் தினமும் படிக்கிறேன். நூறு பக்கம் ஆகியும் யார் யாரென்றே தெரியவில்லை. விட்டுவிடலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: விட்டுவிடாதீர்கள். 1999இல் வந்த அந்த நாவல், விளக்கம் எதுவும் தராமல் நம்மைப் போருக்கு நடுவே கொண்டு நிறுத்துகிறது. குறை உங்களிடம் இல்லை. 'வாரன்' என்று வந்தால் மந்திரசக்தி ஊறும் உலகம், அதன் வழியே பயணமும் போகலாம் என்ற அளவில் வைத்துக்கொண்டு நகருங்கள்.

முதல் நான்கு அத்தியாயங்களை மட்டும் வீட்டில் படியுங்கள். பார்வை அடிக்கடி ஆள் மாறுவதால், பஸ் நிறுத்தம் வந்ததும் மூடிவைத்தால் மறுநாள் தொடர்ச்சி அறுந்துவிடும். பாரன், டாட்டர்செயில், விஸ்கிஜாக் மூவரைப் பிடித்துக்கொண்டால் போதும். இட்கோ கான் கடற்கரையில் மீனவப் பெண்ணுக்கு நேர்வதை இரண்டு முறை படியுங்கள். பின்கதையில் நிறைய அதைச் சார்ந்திருக்கிறது.

முன்பக்கப் பாத்திரப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வையுங்கள். இணையத்தில் பெயரைத் தேடவே வேண்டாம், யார் சாகிறார் என்பதே முதலில் கண்ணில் படும். ஐந்தாம் அத்தியாயத்தில் கதை தாருஜிஸ்தான் நகருக்குள் நுழைந்ததும் மூச்சு விடலாம்.

இரண்டாம் நாவல் வேறு கண்டம், பெரும்பாலும் புது ஆட்கள். பதறாதீர்கள், பழையவர்கள் மூன்றாவதில் திரும்பி வருவார்கள்.