பொதிகளுக்கு எழுதப்படும் வழிகாட்டிகளும் மதிப்புரைகளும்: கேள்வி பதில்

கேள்வி: வழிகாட்டி ஒன்றில் உள்ளபடியே பைத்தான் நிரல்மொழிக்கான பொதிகளை (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் தொகுப்புகளை) நிறுவித் தரும் பிப் என்ற கருவியைக் கொண்டு ஒரு பொதியை நிறுவ முயன்றேன். இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற பிழைச்செய்தியுடன் நின்றுவிட்டது. தவறு வழிகாட்டியிலா, என் கணினியிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. இயங்குதளம் தன் தேவைக்காக வைத்திருக்கும் பைத்தான் கோப்புகளின் மீது பிப் கைவைக்காதபடி, 2023இல் வெளிவந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு தடுப்பு சேர்க்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகள் அன்றைய நிலைக்குச் சரியானவையே. தடுப்பை மீறுவதற்கும் ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தினால் இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளே பழுதாகக்கூடும் என்பதால், தனியாக ஒரு மெய்நிகர் சூழலை (இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாமல் தனிக் கோப்புறையில் அமையும் பைத்தான் அமைப்பை) உருவாக்கி அதற்குள் நிறுவிக்கொள்ளுங்கள். அந்த வழிகாட்டியின் முதல் வரியிலேயே "டெபியன் 11, பைத்தான் 3.9" என்று எழுதியிருந்தால், உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. பதிப்பு எண்ணும் தேதியும் இல்லாத வழிகாட்டியை, அது எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும், நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

கேள்வி: நான் நிரலாளர் அல்லன். வழிகாட்டி எழுதும் தகுதி எனக்கு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. எந்தக் கோப்புறையில் நின்று கட்டளையை இயக்க வேண்டும், நிறுவியபின் கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தை மூடித் திறக்க வேண்டுமா என்பன போன்றவற்றை அனுபவசாலிகள் பழக்கத்தின் காரணமாக எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்; புதிதாக வருபவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஒன்று மட்டும் செய்யுங்கள்: எழுதி முடித்ததும், புதிதாக நிறுவிய ஒரு மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினியில்) உங்கள் படிகளை மட்டும் வரிசையாகச் செய்து பாருங்கள். உங்கள் கணினியில் முன்பே இருந்த சார்புப் பொதிகளால் (ஒரு மென்பொருள் இயங்கத் தேவைப்படும் பிற பொதிகளால்) மறைந்துபோன குறைகள் அப்போது வெளிப்படும். நான் எழுதிய முதல் வழிகாட்டியில் இப்படி மூன்று படிகள் விடுபட்டிருந்தன.

கேள்வி: மதிப்புரைகளில் உள்ள நட்சத்திரங்களை நம்பலாமா?

பதில்: எண்ணிக்கையை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். கிம்ப் என்னும் படத்தொகுப்பு மென்பொருளின் சாளரங்கள் சிதறிக் கிடக்கின்றன என்று நெடுங்காலம் குறை சொல்லப்பட்டது. 2012இல் வந்த 2.8 பதிப்பு ஒற்றைச் சாளர முறையைத் தந்த பிறகு அந்தக் குறைக்கு வலுவில்லை. ஆனால் பழைய மதிப்புரைகள் அப்படியே நிற்கின்றன. செயலிகளைக் கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து ஒதுக்கி வைக்கும் பிளாட்பேக் என்ற பொதி முறை வழியாக நிறுவிய செயலி கோப்புகளைத் திறக்கவில்லை என்று ஒரே ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்களையும் பார்க்கிறேன். அங்கே பல நேரங்களில் காரணம் பொதியின் அனுமதி அமைப்பே தவிர, மென்பொருள் அன்று. எனவே எந்த வழியில் நிறுவினோம் என்பதையும் மதிப்புரையில் குறிப்பிட வேண்டும். உறுதியான வழுவை (நிரல் பிழையை) கண்டால், அதை மதிப்புரையில் எழுதுவதோடு நில்லாமல் திட்டத்தின் வழுப்பட்டியலிலும் பதியுங்கள். திருத்தக்கூடியவர்கள் படிப்பது அதைத்தான்.

கேள்வி: வழிகாட்டியில் உள்ள கட்டளையை அப்படியே ஒட்டி இயக்குவது ஆபத்தா?

பதில்: புரியாமல் இயக்கினால் ஆபத்துதான். இணையத்திலிருந்து ஒரு நிரலை இறக்கி, நிர்வாகி உரிமையுடன் அதே வரியில் இயக்கச் சொல்லும் கட்டளை என்றால், முதலில் அந்த நிரலைக் கோப்பாகச் சேமித்துப் படித்துப் பாருங்கள். ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்துக்கான பொதிகளைப் பயனர்களே பகிர்ந்துகொள்ளும் பயனர் களஞ்சியத்தில் பராமரிப்பாளர் இல்லாமல் கிடந்த அக்ரோரீட் என்னும் பொதியை, 2018 ஜூலையில் புதியவர் ஒருவர் ஏற்றுக்கொண்டு அதில் தீங்கான வரிகளைச் சேர்த்தார். கண்டறியப்பட்டதும் அவை நீக்கப்பட்டன. நற்பெயர் பெற்ற பொதியும் கைமாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு மேம்படுத்தலின்போதும் உருவாக்கக் கோப்பில் (பொதியைக் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பில்) என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

கேள்வி: காலாவதியான வழிகாட்டியைக் கண்டால் புதிதாக ஒன்று எழுதலாமா?

பதில்: திருத்த இடமிருந்தால் அதையே திருத்துங்கள், இரண்டு பக்கங்கள் இருந்தால் தேடுபவர் கையில் பழையதே முதலில் கிடைக்கலாம். பழைய கட்டளைகளை அழித்துவிடாமல், எந்தப் பதிப்புக்கு உரியவை என்று தலைப்பிட்டுக் கீழே வையுங்கள். பழைய கணினியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு வேறு வழித்துணை இல்லை.