இளவரசனும் நிழலும் – கடிதம்

அன்புள்ள சார்,

பள்ளி நாட்களில் டாஸ் கணினியில் தொடங்கி இன்றுவரை நான் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற வீடியோ கேம் வரிசையின் தீவிர ரசிகன். அடுத்த பாகத்துக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன். நூறு மணி நேரம் இஷ்டம்போலச் சுற்றும் அளவுக்குப் பரந்த உலகம் (ஓபன் வேர்ல்டு), விதவிதமான ஆயுதங்கள், 2003இல் வந்த அதே இளவரசன், நிஜம் போன்ற கிராபிக்ஸ். 2024இல் வந்த லாஸ்ட் கிரவுன் பாகத்தில் நாயகன் இளவரசனே இல்லை என்பதால் அதை நான் தொடவில்லை. பழைய ரசிகர்கள் சொல்வதை ஏன் யாரும் கேட்பதில்லை? நம்பிக்கையோடு காத்திருக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

கிராபிக்ஸை விடுங்கள், அது தானாக வரும். ஆயுதங்களைப் பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டியல் என்னைக் கொஞ்ச நாளாகவே உறுத்தும் விஷயம். நீங்கள் மட்டுமல்ல, எல்லா ரசிகர்களும் கையில் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் உயிராக நேசிக்கும் அந்த முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார். அந்தப் படங்களே ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தை அடைத்துக்கொண்டன. இன்னொரு பாத்திரத்துக்கு இடமில்லை. அதனால் இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி அதன்மேல் போட்டார். மினுமினுக்கும் ஓர் உருவம் கிடைத்தது. நிழல் பிறந்தது இப்படித்தான்.

நான்காம் லெவலில் கண்ணாடிக்குள் பாய்வோமே, அப்போது மறுபக்கம் குதித்து ஓடுபவன் அவன். அடுத்த லெவலில் நம் மருந்தை நம் கண்ணெதிரே குடிப்பான். அதற்கடுத்ததில் கதவைச் சாத்தி நம்மைப் பள்ளத்தில் தள்ளுவான். பன்னிரண்டில் வாளோடு எதிரே நிற்பான்.

நானும் அண்ணனும் அங்கேதான் மாட்டிக்கொண்டோம். அவனை ஒரு வெட்டு வெட்டினால் நம் உயிரும் ஒன்று குறையும். அறுபது நிமிடக் கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் விசைப்பலகையை உடைக்காத குறையாகத் தட்டுவான், செத்துச் செத்து விழுவான். ஒருநாள் ஆத்திரத்தில் கை தவறிக் கீழ் அம்பு விசையில் பட்டது. இளவரசன் வாளை உறையில் போட்டான். நிழலும் போட்டது. அண்ணன் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஓடு, அவன் மேலயே ஓடு" என்று கத்தினேன். இருவரும் ஒன்றானார்கள். அப்புறம் வெறும் பள்ளத்தின்மேல் ஓடினால் காலடியில் தரை முளைத்துக்கொண்டே வந்தது.

இப்போது சொல்லுங்கள், எந்த ரசிகன் இதைப் பட்டியலில் எழுதியிருப்பான்? 'ஓர் எதிரியை அடிக்க முடியாதபடி வையுங்கள்' என்று நீங்கள் கேட்டிருப்பீர்களா? ஐம்பது வகை வாள் கேட்டிருப்பீர்கள். 2003 பாகமும் அப்படித்தான். இளவரசன் செத்ததும், கதை சொல்லும் அவன் குரலே 'இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை' என்று மறுக்குமே, அதைக் கேட்டு வாங்கியது யார்? கேட்காமல் கிடைத்ததைத்தான் இருபது வருடமாகக் கொண்டாடுகிறீர்கள். ஆனால் இனி வருவது மட்டும் உங்களைக் கேட்டுத்தான் வரவேண்டும், இல்லையா? உங்கள் பட்டியலில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே வேறு ஆட்டங்களில் நீங்கள் பார்த்தவை. ஓபன் வேர்ல்டு வேண்டுமானால் கடலளவு கிடக்கிறது, போய் விளையாடுங்கள். இந்த இளவரசன் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவுவதற்குள் நம் வயிறு கலங்க வேண்டும். குதிரையில் பத்து நிமிடம் புல்வெளியைக் கடப்பவனுக்கு அது எங்கே கலங்கும்?

லாஸ்ட் கிரவுனைத் தொடவில்லை என்று எழுதியதுதான் எனக்குக் கோபம். பெயர் பிடிக்கவில்லை என்று விருந்துக்குப் போகாதவரோடு என்ன பேசுவது? அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் எதிரே இருக்கும் காட்சி படமாகி மேப்பில் ஒட்டிக்கொள்ளும். திறக்க முடியாத கதவைப் பார்த்தால் படம் பிடித்துவிட்டு நகரலாம், பிறகு திரும்பி வரலாம். அதையும் யாரும் கடிதம் எழுதிக் கேட்டதாகத் தெரியவில்லை. நாயகன் பெயர் சார்கோன் என்பது அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காத்திருங்கள், யார் தடுத்தது? அதற்குள் லாஸ்ட் கிரவுனை விளையாடி முடித்துவிட்டு எழுதுங்கள். பட்டியல் மட்டும் வேண்டாம்.