நாகர்கோவிலில் படிக்கும் மாணவர் சட்டமன்றப் பணியில் பயிற்சி பெற வழி இருக்கிறதா?

கேள்வி: நாகர்கோவிலில் அரசியல் அறிவியல் படிக்கிறேன். அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்கள் மாநிலச் சட்டமன்றங்களில் பயிற்சி மாணவர்களாக வேலை பார்க்கிறார்களாம். நம் மாவட்டத்திலிருந்து அப்படிப் போக முடியுமா? போனால் என்ன வேலை இருக்கும்?

முடியும். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். முதுகலை படித்த காலத்தில், குமரி மேற்குக் கடற்கரைத் தொகுதி ஒன்றின் எம்.எல்.ஏ.விடம் ஒரு நிதிநிலைக் கூட்டத்தொடர் முழுவதும் நான் வேலை பார்த்தேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. கலிபோர்னியாவில் பட்டதாரிகளுக்கான சட்டமன்ற ஃபெலோஷிப் 1957இல் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தில் கல்லூரி மாணவர்கள் ஜனவரி முதல் மே வரை தலைநகர் ஆல்பனியில் தங்கி, உறுப்பினர்களின் அலுவலகங்களில் பணியாற்றுகிறார்கள். உதவித்தொகை உண்டு, கல்லூரியும் அதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது. அங்கே உறுப்பினருக்கென்று சம்பளம் வாங்கும் அலுவலர்கள் இருப்பார்கள், மாணவர் அவர்களிடம் தொழில் பழகுவார். நம் எம்.எல்.ஏ.க்களுக்கு ஆய்வுக்கென்று ஆள் கிடையாது. நான் போன அலுவலகத்தில் ஓர் உதவியாளர், ஓர் ஓட்டுநர், வந்து போகும் கட்சிக்காரர்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு துறையும் தன் பணிகளை விளக்கி அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை வரிவரியாகப் படித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால் படித்துக் குறிப்பெடுக்கத் தெரிந்த மாணவருக்கு முதல் நாளே கை நிறைய வேலை கிடைக்கும்.

டெல்லியில் சட்டமியற்றும் பணிகளை ஆய்வு செய்யும் பி.ஆர்.எஸ். அமைப்பு 2010 முதல் நடத்தும் லேம்ப் ஃபெலோஷிப், பட்டம் முடித்த 25 வயதுக்குட்பட்டவர்களை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அமர்த்துகிறது. 2022இல் வந்த தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் அரசுத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்வது. சட்டமன்றப் பணி வேறு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி, என்ன வேலை என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். பெரும்பகுதி நேரம் மனுக்களோடுதான் போகும். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீளும் நம் கடற்கரையில் ஆனி, ஆடி பிறந்தால் கடல் ஊருக்குள் ஏறும். கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். பழைய மனுக்களின் நகல்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அலுவலகத்தின் முத்திரை. "மக்களே, இந்த ஆடிக்குள்ளாவது கல் போட்டுத் தருவார்களா?" என்று கேட்டார். கல் என்று அவர் சொன்னது தூண்டில் வளைவை, அதாவது கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கற்களைக் கொட்டி அமைக்கும் தடுப்பை.

அந்த மனுவைச் சட்டமன்ற வினாவாக மாற்றுவது என் வேலை. "மக்கள் வீடிழந்து தவிப்பதை அரசு வேடிக்கை பார்ப்பது ஏன்?" என்று எழுதினால் அது ஏற்கப்படாது. வினாவில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, குற்றச்சாட்டோ ஏளனமோ கூடாது. மாநில அரசின் பொறுப்பில் உள்ள விஷயமாகவும் இருக்க வேண்டும். முதலில் எந்தத் துறையைக் கேட்பது என்று பார்க்க வேண்டும். கரைப் பாதுகாப்பில் நீர்வளத் துறையும் வரும், மீன்வளத் துறையும் வரும். பழைய மனுக்களுக்கு வந்த பதில்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான், அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒரு செலவு மதிப்பீடு தயாராகி நின்றுபோனது தெரிந்தது. அதன் பிறகு வினா இப்படி அமைந்தது: "(அ) மேற்படி கிராமத்தில் தூண்டில் வளைவு அமைக்க மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளதா, (ஆ) ஆம் எனில், பணி எப்போது தொடங்கும், (இ) இல்லை எனில், அதற்கான காரணம் என்ன?"

உணர்ச்சி எல்லாம் வடிந்துபோன மூன்று வரிகள்தான். ஆனால் "அமைக்க அரசு முன்வருமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பரிசீலிக்கப்படும்" என்று சொல்லி முடித்துவிடலாம், மதிப்பீட்டைக் குறிப்பிட்டுக் கேட்டால் அந்தக் கோப்பைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். எங்கள் வினாவுக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் கிடைக்கவில்லை. துறைகளுக்கான நிதிக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசக் கிடைத்த சில நிமிடங்களில் எம்.எல்.ஏ. அந்த விவரங்களைத் தேதியோடு எடுத்து வைத்தார். கோப்பு மீண்டும் நகரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். படித்த படிப்பு யாருக்கோ பயன்பட்டது என்று நான் முதன்முதலாக உணர்ந்ததும் அப்போதுதான்.

ரயில் பற்றியும் நான்குவழிச் சாலை பற்றியும் மனுக்கள் குவியும். இரண்டும் மத்திய அரசின் கையில் இருப்பவை. நாகர்கோவில் சந்திப்பே திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தில்தான் இருக்கிறது. அவற்றைப் பிரித்து நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

அதிகம் கற்றுத்தரும் வேலை ஒன்று உண்டு. சென்ற ஆண்டின் கொள்கை விளக்கக் குறிப்பையும் இந்த ஆண்டின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போன ஆண்டு அறிவித்த குமரி மாவட்டப் பணி இந்த ஆண்டு எந்த நிலையில் இருக்கிறது, அல்லது சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டதா என்று பட்டியலிடுங்கள். அமைச்சர்கள் அவையில் கொடுக்கும் உறுதிமொழிகளைப் பின்தொடரவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது; அது மாவட்டங்களுக்கு நேரில் வரும்போது உங்கள் பட்டியலுக்கு மதிப்பு கூடும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் சட்டமன்றம் திருவனந்தபுரத்தில் இருந்தது. காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். தமிழ்நாட்டோடு இணைந்தது நம் முன்னோர் போராடிப் பெற்றது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கோட்டை இப்போது ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கிறது. சென்னையில் வீடுள்ள மாணவர் சம்பளமில்லாமல் பயிற்சிக்குப் போய்விடுவார். குழித்துறையிலோ குலசேகரத்திலோ இருக்கும் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மகள் சென்னையில் தங்கும் செலவுக்கு எங்கே போவாள்? மாநிலத்தின் 234 தொகுதிகளில் குமரிக்கு 6. அந்த 6 அலுவலகங்களிலும் ஆண்டுக்கு இரண்டு மாணவர்களை உதவித்தொகையோடு அமர்த்தி, அந்தப் பணியைப் படிப்பின் ஒரு பகுதியாகப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் போதும், ஊரில் இருந்தபடியே பழகலாம். இதை யார் கேட்டாலும் நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

கட்சி பற்றிய தயக்கம் வேண்டாம். ஆனால் சேரும்போதே பேசி வையுங்கள். மனு, வினா, குறிப்பு என்றால் செய்வேன், கொடி கட்டவும் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவும் வரமாட்டேன் என்று நான் முதலிலேயே சொன்னேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மனு கொடுத்தவர்களின் பெயரையும் குடும்ப விவரத்தையும் வெளியே பேசாதீர்கள். எம்.எல்.ஏ. சென்னைக்குப் போகும்போது பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு கேட்டு வாங்கி, ஒரு நாளாவது கேள்வி நேரத்தை நேரில் பாருங்கள்.

நிதிநிலை அறிக்கை வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். பொங்கல் முடிந்ததும் போய்ப் பாருங்கள். துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் ஊர்க் குளமோ, பள்ளிக்கூடமோ, ஏதாவது ஒரு குறையை (அ), (ஆ), (இ) என்று வினாவாக எழுதி, ஆதாரக் காகிதங்களின் நகலோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த உதவியாளரும் அதைப் படித்துப் பார்த்த பிறகு உங்களைத் திருப்பி அனுப்பத் தயங்குவார்.