மருந்து முடிந்த பிறகும் ‘ரியாக்டிவ்’ என்று வருவது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பது தெரிந்து, சோபோஸ்புவிர், வெல்படஸ்விர் சேர்ந்த மாத்திரையை 12 வாரம் விடாமல் சாப்பிட்டார். அதன்பின் மூன்று மாதம் கழித்து எடுத்த பி.சி.ஆர். பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. இப்போது குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ரத்தம் எடுத்தபோது ‘ஆன்டி எச்.சி.வி. ரியாக்டிவ்’ என்று அறிக்கை தந்திருக்கிறார்கள். நோய் திரும்பிவிட்டதா?
– வாசகி, ஈரோடு

பதில்: இந்த அறிக்கையை வைத்து நோய் திரும்பிவிட்டதாகக் கொள்ளவே முடியாது. அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கப்படும் அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமி எப்போதோ உடலுக்குள் வந்தபோது நம் உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது; அது இருந்தால் ‘ரியாக்டிவ்’ என்று வரும். கிருமி முற்றிலும் அழிந்த பிறகும் அந்த எதிர்ப்பொருள் பல ஆண்டுகள், பெரும்பாலும் ஆயுள் முழுவதும், ரத்தத்தில் இருக்கும். ஆகவே உங்கள் கணவருக்கு இனி எங்கே, எத்தனை முறை இதைச் செய்தாலும் ‘ரியாக்டிவ்’ என்றே வரக்கூடும். குணமானவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயன் இல்லை என்பதே என் கருத்து.

கிருமி இப்போது இருக்கிறதா என்று சொல்லக்கூடியது, ஹெபடைடிஸ் சி கிருமியின் (எச்.சி.வி.) மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை. மருந்தை நிறுத்தி 12 வாரம் ஆன பிறகும் அதில் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ (கிருமி தென்படவில்லை) என்று வந்தால், மருத்துவ உலகம் அதைக் குணமானதாகவே ஏற்கிறது. அதற்குப் பிறகு பழைய கிருமியே தலைதூக்குவது மிக மிக அரிது. ஹெபடைடிஸ் பி கிருமி கல்லீரல் உயிரணுவின் உட்கருவிலேயே தங்கிவிடக்கூடியது. சி கிருமி அப்படித் தங்குவதில்லை என்பதால்தான் இதை அடியோடு ஒழிக்க முடிகிறது.

அந்த பி.சி.ஆர். அறிக்கையின் நகலை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்கு ஐயம் இருந்தால் மறுபடியும் ஒரு பி.சி.ஆர். எடுக்கலாம், எதிர்ப்பொருள் அறிக்கையை மட்டும் காட்டி அறுவையைத் தள்ளிப்போடுவது சரியல்ல. சிகிச்சைக்கு முன் எடுத்த அறிக்கை, மருந்து தொடங்கிய நாள், முடித்த நாள், கடைசி பி.சி.ஆர். ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். புதிய மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் வீண் கலக்கத்தைத் தவிர்க்க அது உதவும்.

இரண்டு செய்திகளை மட்டும் மறக்க வேண்டாம். சிகிச்சைக்கு முன்பே கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், வந்திருந்தால், கிருமி போன பிறகும் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையுமே தவிர நீங்காது. அப்படிப்பட்டவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ‘நெகட்டிவ்’ என்ற மகிழ்ச்சியில் இதை விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அடுத்தது, இந்த எதிர்ப்பொருளுக்குப் பாதுகாக்கும் சக்தி கிடையாது. பிறர் பயன்படுத்திய ஊசி, சவரப் பிளேடு போன்றவற்றின் வழியாகக் கிருமி புதிதாக மீண்டும் வரலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அதனால்தான் குணமான பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் பி.சி.ஆர். எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கடைசி மாத்திரை சாப்பிட்ட வாரமே பி.சி.ஆர். எடுத்தேன். ‘15 ஐ.யு.வுக்குக் கீழ், டிடெக்டட்’ என்று வந்திருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?
– வாசகர், மதுரை

பதில்: கிருமியின் மரபுப் பொருள் ஏதோ தென்படுகிறது, ஆனால் எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவு என்பதே அந்த வரியின் பொருள். மருந்து முடியும் தறுவாயில் இப்படி வந்தவர்களிலும் பலர் பின்னர் முழுமையாகக் குணமாகியிருக்கிறார்கள். எனவே நீங்களாக மருந்தை நீட்டிக்க வேண்டாம். 12 வாரம் கழித்து எடுக்கும் பி.சி.ஆர். முடிவே தீர்ப்பு. அப்போது கிருமியின் அளவு லட்சக்கணக்கில் வந்தால் மருந்து பலிக்கவில்லை என்று பொருள்; அதற்கும் வேறு மருந்துச் சேர்க்கைகள் உள்ளன. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதியின் அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கொழுப்புக் கல்லீரலாலும் மதுவாலும்கூட அது உயரும்.

கேள்வி: குணமான பிறகு ரத்த தானம் செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. எதிர்ப்பொருள் தென்படும் ரத்தத்தை ரத்த வங்கிகள் ஏற்பதில்லை. குடும்பத்தாருடன் உணவு, பாத்திரம், படுக்கை ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை; கிருமி இருந்த காலத்திலும் அதற்குத் தடை இருந்ததில்லை.