முதல்ல வயர்ல போட்டுப் பாருங்க: நம்ம வேலூர் பக்கத்து நெட், சிஸ்டம் கேள்விகளுக்கு பதில்

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில ரொம்ப வருஷமா சிஸ்டம் சர்வீசும் நெட்வொர்க் வேலையும் பண்ணிகினு வர்றேன். கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொன்னேன், நிறைய வந்துடுச்சு, முடிஞ்ச வரைக்கும் இங்கயே பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நெட் ஸ்லோன்னு சொல்றதுக்கு முன்னால ஒரு லேப்டாப்ப லேன் வயர் போட்டு ரவுட்டர்ல நேரா சொருகி ஸ்பீடு டெஸ்ட் எடுத்துடுங்க. வயர்ல சரியா வந்தா கோளாறு உங்க வீட்டுக்குள்ள இருக்குது, வயர்லயே கம்மின்னா லைன்லயோ ரவுட்டர்லயோ, சில சமயம் அந்த வயர்லயோ லேப்டாப் போர்ட்லயோ இருக்குது. இந்த அஞ்சு நிமிஷ வேலைய பண்ணாம பிளான ஏத்தி, புது ரவுட்டர் வாங்கி காச விட்டவங்கள பாத்து பாத்து மனசு கஷ்டமா இருக்குது, அதான் அழுத்தி சொல்றேன்.

குடியாத்தம்: அண்ணா, எங்களுது தாத்தா கட்டின வீடு, செவுரு ஒவ்வொண்ணும் ஒன்றரை அடி இருக்கும். ரவுட்டர் முன் ரூம்ல கீது, 100 எம்பிபிஎஸ் பிளான். பின் கட்டுல 5 கூட வர மாட்டேங்குது. 200 பிளானுக்கு மாறிடலாமா?

பதில்: மாறாத தம்பி. 200 போட்டாலும் முன் ரூம்ல தான் 200 வரும், பின் கட்டுல அதே 5 தான். உன் ரவுட்டர்ல ரெண்டு அலை இருக்கும், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு. (இந்த 5-க்கும் மொபைல் 5ஜி-க்கும் சம்பந்தமே இல்ல, பேரு தான் குழப்புது.) 5 வேகமா போகும் ஆனா செவுத்த தாண்டாது, 2.4 தாண்டும் ஆனா மெதுவா போகும், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதுலயே முட்டிகினு நிக்கும். ஒன்றரை அடி செவுரு ரெண்டு குறுக்க வந்தா 2.4 கூட தேஞ்சு தான் வரும். முதல்ல ரவுட்டர் எங்க இருக்குதுன்னு பாரு. பீரோ மேல, டிவிக்குப் பின்னாடி, அலமாரிக்குள்ள வச்சிருந்தா வெளிய எடு. இரும்பு பீரோ அலைய தாண்ட விடாது. கொசப்பேட்டையில ஒரு வீட்டுல ரெண்டு ரவுட்டர் மாத்திட்டு என்னைக் கூப்பிட்டாங்க, போய் பாத்தா பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல வச்சிருக்காங்க, எடுத்து ஹால்ல ஆளு உசரத்துல மாட்டினேன், அவ்ளோ தான் வேலை.

உங்க வீட்டுக்கு அது மட்டும் பத்தாது. கடையில ரிப்பீட்டர்னு ஒண்ணு குடுப்பாங்க, வாங்காத, பெரும்பாலும் அது வாங்கற அலையிலயே திருப்பி அனுப்புது, வேகம் பாதியாயிடும். நல்ல கேட் 6 லேன் வயர் ஒண்ணு முன் ரூம்ல இருந்து பின் கட்டுக்கு பைப்புக்குள்ள இழுத்து அங்க இன்னொரு ரவுட்டர் வை. வீட்டுல பழசு சும்மா கிடந்தா அதுவே போதும், ஆக்சஸ் பாயின்ட் மோடுன்னு இருந்தா போட்டுடு, இல்லன்னா அதோட ஐபி நம்பர மெயின் ரவுட்டரோட மோதாத மாதிரி மாத்தி, டிஹெச்சிபி (ஃபோன், லேப்டாப்புக்கெல்லாம் ஐபி நம்பர் குடுக்கற வேலை, அத மெயின் ரவுட்டரே பாத்துக்கும்) ஆஃப் பண்ணி, வயர லேன் போர்ட்ல சொருகு. ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு குடுத்துட்டா நீ நடந்து போறப்ப ஃபோன் தானா மாறிக்கும். ஒரு தடவ இழுத்த வயர் பல வருஷம் கிடக்கும்.

ராணிப்பேட்டை: சார், 200 பிளான். நீங்க சொல்ற மாதிரி வயர்லயே பாத்தேன், எப்ப பாத்தாலும் 94, 95 தான், அதுக்கு மேல ஏறவே இல்ல. கம்பெனிக்காரங்க லைன் சரியா இருக்குதுன்னு சொல்றாங்க.

பதில்: லைன் சரியா தான் சார் இருக்கும். 94-லயே ஆடாம நிக்குதுன்னா அது 100-க்குள்ள மாட்டிகினு இருக்குதுன்னு அர்த்தம். லேன் வயருக்குள்ள 8 கம்பி, 4 ஜோடி. 100-க்கு 2 ஜோடி போதும், 1000-க்கு நாலும் வேணும். அந்த மிச்ச ரெண்டு ஜோடியில ஒரே ஒரு கம்பி கிளிப்புல சரியா கடிக்கலன்னா கூட சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும். வேற வயர் மாத்திப் பாருங்க. அப்பவும் 94-னா ரவுட்டர் போர்ட்டோ லேப்டாப் போர்ட்டோ 100 தான் தாங்கும், ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயோ டப்பாவுலயோ கிகாபிட்னு (அதாவது 1000) போட்டிருக்கான்னு பாருங்க.

காட்பாடி, காலேஜ் பையன்: அண்ணா 100 எம்பிபிஎஸ்னு சொல்லிட்டு டவுன்லோட் 11 எம்பி தான் காட்டுது, ஏமாத்துறாங்களா?

பதில்: இல்லப்பா, சரியா தான் குடுக்கறாங்க. பிளான் பிட்ல சொல்றாங்க, டவுன்லோட் பைட்ல காட்டுது. 8 பிட் ஒரு பைட், 100-ஐ 8-ஆல வகுத்தா 12.5. போற வழியில கொஞ்சம் செலவாகும், 11 நல்ல கணக்கு.

சோளிங்கர்: ரவுட்டர்ல சிவப்பு லைட் எரியுது, மாசத்துக்கு ரெண்டு தடவ இப்பிடி ஆவுது. ரவுட்டர் போயிடுச்சா?

பதில்: எல்ஓஎஸ்னு போட்ட லைட் சிவப்பா இருந்தா ஃபைபர்ல வெளிச்சம் வரலன்னு அர்த்தம், ஆஃப் ஆன் பண்ணி பிரயோஜனம் இல்ல. உங்க ஊர்ல காரணம் எனக்கே தெரியும், குரங்கு. கம்பத்துல இருந்து வீட்டுக்கு தொங்குற வயர புடிச்சு ஊஞ்சலாடும். அணிலும் கடிக்கும். ஆள் வந்தா வெறும் ஒட்டு போட்டுட்டு போக விடாதீங்க, வீட்டுப் பக்கம் வர்ற வயர பைப்புல விட்டு கிளாம்ப் அடிச்சு இறுக்கமா கட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு ஒட்டுலயும் கொஞ்சம் வெளிச்சம் குறையும். வேலை முடிஞ்சதும் மீட்டர் வச்சு பவர் எவ்ளோன்னு கேளுங்க, மைனஸ் 20 பக்கம் இருந்தா நிம்மதி, மைனஸ் 27 தாண்டினா அடிக்கடி கட்டாகும். இன்னொண்ணு, கழட்டின ஃபைபர் முனைய கண்ணுகிட்ட வச்சு பாக்காதீங்க, பிள்ளைங்களையும் விடாதீங்க. அது லேசர், கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ண கெடுக்கும்.

சத்துவாச்சாரி: நான் டீச்சர். சாயங்காலம் ஆன்லைன்ல டியூஷன் எடுக்கறேன், என் குரல் விட்டு விட்டு வருதுன்னு பசங்க சொல்றாங்க. டெஸ்ட் பண்ணா 60 வருது.

பதில்: அக்கா, டவுன்லோட் 60 இருக்கட்டும், உங்க குரல் போறது அப்லோட்ல. அத எவ்ளோன்னு பாத்தீங்களா? வீட்டுல யாராவது வேலைல இருந்து வந்ததும் அவங்க ஃபோன் அன்னைக்கு எடுத்த ஃபோட்டோ வீடியோ எல்லாத்தையும் வைஃபைல மேல ஏத்த ஆரம்பிக்கும், வாசல்ல கிளவுடு கேமரா இருந்தா அது நாள் முழுக்க ஏத்திகினே இருக்கும். அந்த வழி நிறைஞ்சா உங்க குரல் வரிசையில நிக்க வேண்டி வரும். பேக்கப்ப ராத்திரிக்கு மாத்துங்க, கேமரா குவாலிட்டிய குறைங்க, நீங்க வயர்ல உக்காருங்க. கிளாஸ் நடுவுல கரென்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுற அந்த ஒரு நொடியில ரவுட்டர் அணைஞ்சு எழுந்திரிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அதுக்கு ரவுட்டருக்குன்னே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்குது. வாங்கறப்ப அடாப்டர்ல போட்டிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பாத்து வாங்குங்க.

ஆம்பூர்: டிஎன்எஸ் 1.1.1.1 போட்டா ஸ்பீடு ஏறும்னு வீடியோவுல சொல்றாங்களே?

பதில்: ஏறாது பாய். டிஎன்எஸ் விலாசம் கேக்கற இடம், அவ்ளோ தான். பேஜ் திறக்க ஆரம்பிக்கறது ஒரு துளி சீக்கிரமாகலாம், டவுன்லோட் வேகம் மாறாது.

வாலாஜா: காலைல வயர்ல 100 வருது, ராத்திரி 8 மணிக்கு மேல 15. வயர்ல தான் பாத்தேன்.

பதில்: அப்போ இது உங்க வீட்டுக் கோளாறு இல்ல, அவங்க பக்கத்து நெரிசல். நாலு நாள் காலை, மத்தியானம், ராத்திரி டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட் வச்சிகினு கம்ப்ளெயின்ட் குடுங்க, டாக்கெட் நம்பர் (புகார் நம்பர்) வாங்காம ஃபோன வைக்காதீங்க. சரி பண்ணலன்னா அந்த கம்பெனியோட அப்பீலேட் அத்தாரிட்டிகிட்ட (மேல்முறையீடு பாக்கறவங்க) அந்த நம்பரோட அப்பீல் போடலாம். டிராய் (டெலிகாம் கம்பெனிங்கள ஒழுங்குபடுத்தற அரசு அமைப்பு) தனித்தனி புகார எடுக்காது, அதனால அங்க எழுதி நாள வீணாக்காதீங்க. மாசக் கடைசியில மட்டும் ராத்திரி பகல் எல்லா நேரமும் ஸ்லோன்னா டேட்டா லிமிட் முடிஞ்சிருக்கும், அன்லிமிடெட்னு பேரு இருந்தாலும் நிறைய பிளான்ல 3300 ஜிபி தாண்டினா வேகத்த இறக்கிடுவாங்க.

ஆரணி, புடவைக் கடை: நெட் பிரச்சனை இல்லண்ணா, கடை சிஸ்டம் ஆன் ஆவவே பத்து நிமிஷம். பில் போடறதுக்குள்ள கஸ்டமர் எழுந்து போயிடறாங்க. புதுசு வாங்கிடலாமா?

பதில்: பொறுங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல டிஸ்க்னு ஒரு பத்தி 100 சதவீதத்துலயே நிக்குதா? நின்னா பெரும்பாலும் பழைய சுத்துற ஹார்டு டிஸ்க் தான் காரணம். அத எடுத்துட்டு எஸ்எஸ்டி (சுத்தற பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்க, ரேம் 4 ஜிபி இருந்தா 8 ஆக்குங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள எழுந்திரிக்கும். ஆனா அதுக்கு முன்னாடி இன்னைக்கே, இப்பவே, கணக்கு டேட்டாவ ஒரு வெளி டிஸ்க்ல காப்பி எடுத்துடுங்க. இப்பிடி ஸ்லோ ஆவுற டிஸ்க் சில சமயம் சாகப் போற டிஸ்க், வருஷக் கணக்கு போச்சுன்னு கண் கலங்கினவங்க எனக்குத் தெரியும். விண்டோஸ் 10-ஆ இருந்தா 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு சாதாரண சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, பேங்க் வேலையும் அதுலயே பண்றீங்கன்னா 11-க்கு ஏறுமான்னு பாக்கச் சொல்லுங்க. ஏறலன்னா மட்டும் புதுச பத்தி யோசிங்க. மே மாசம் மட்டும் ஸ்லோன்னா தூசு தட்டுங்க, 40 டிகிரி வெயில்ல ஃபேன் அடைச்சு கிடந்தா பிராசசர் தன்னை காப்பாத்திக்க தானா வேகத்த குறைச்சுக்கும்.

தொரப்பாடி, ரிட்டயர்டு ஆனவர்: ஸ்கிரீன் முழுக்க வைரஸ்னு வந்து சத்தம் போட்டுது, நம்பர் போட்டிருந்துது. கூப்பிட்டேன், ஏதோ ஆப் போடச் சொன்னாங்க, போட்டேன். அப்பறம் பயந்து வச்சுட்டேன்.

பதில்: ஐயா, வச்சது நல்ல காரியம். அது வைரஸ் இல்ல, ஒரு வெப் பேஜ், உங்கள கூப்பிட வைக்கத் தான் அந்த சத்தம். இப்ப பண்ண வேண்டியது: நெட்ட புடுங்குங்க, அந்த ஆப்ப எடுத்துடுங்க, வேற ஃபோன்ல இருந்து பேங்க கூப்பிட்டு நெட் பேங்கிங்க நிறுத்தச் சொல்லுங்க, பாஸ்வேர்டு எல்லாம் அந்த வேற ஃபோன்லயே மாத்துங்க. ஒரு ரூபா போயிருந்தாலும் உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு கூப்பிடுங்க, சீக்கிரம் சொன்னா தான் பணத்த நடுவுல நிறுத்த வழி இருக்குது. உங்க தப்புன்னு நெனச்சு வீட்டுல சொல்லாம இருந்துடாதீங்க. சிஸ்டத்த எங்கிட்ட எடுத்துட்டு வாங்க, பாத்து குடுக்கறேன், காசு வேணாம்.

ஆற்காடு: பழைய கம்ப்யூட்டர், எந்த வெப்சைட்டும் திறக்கல, பாதுகாப்பு இல்லன்னு சொல்லுது. ஃபோன்ல நெட் நல்லா வருது.

பதில்: கீழ மூலையில தேதி என்னா காட்டுதுன்னு பாருங்க, ஏதோ பழைய வருஷம் காட்டும். தேதி தப்பா இருந்தா சைட்டோட சான்றிதழ பிரவுசர் நம்பாது. மதர்போர்டுல காசு சைசுல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. வாட்ச் கடையிலயே கிடைக்கும், மாத்திட்டு தேதிய சரி பண்ணுங்க.