முதுகு டிஸ்க் பாதிப்பும் டிஸபிலிட்டி பென்ஷனும்: புது எம்.ஆர்.ஐ. போதுமா?

கேள்வி: ராணுவத்தில் 17 ஆண்டுகள் டிரைவராக இருந்து, 2019-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். முதுகு டிஸ்க் பாதிப்பால் லோ மெடிக்கல் கேட்டகரியில்தான் (முழு உடல் தகுதி இல்லாதவர் பிரிவு) வெளியே வந்தேன். ஓய்வின்போது பரிசோதித்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு 20 சதவீத ஊனம் என்று போட்டது. ஆனால் நோய் பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல என்று எழுதியதால் பென்ஷன் மறுக்கப்பட்டது. இப்போது ஜிப்மரில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இரண்டு டிஸ்க்குகள் பாதித்திருப்பது தெரிகிறது. இதை வைத்து அப்பீல் செய்யலாமா? (முன்னாள் படைவீரர், நெல்லிக்குப்பம்)

பதில்: அப்பீல் செய்யுங்கள். ஆனால் இந்த எம்.ஆர்.ஐ.யை நம்பி மட்டும் போகாதீர்கள். இன்று உங்கள் முதுகு எப்படி இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஸ்கேனிலும் டிஸ்க் தேய்மானம் தெரிவதால், "வயதின் மாற்றம்" என்ற ஒரே வரியில் அதைத் தள்ளிவிட முடியும். உங்களுக்குத் தேவை வேறு: கோளாறு பணிக்காலத்தில் எப்போது தொடங்கியது, எந்த வேலையோடு சேர்ந்து மோசமானது என்பதற்கான காகிதம்.

முதலில் மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகலை, அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 படிவத்தை, கையில் வாங்குங்கள். அதில் சதவீதத்தைவிட முக்கியமானது, பணியோடு தொடர்பில்லை என்பதற்குப் போர்டு எழுதிய காரணம். "அமைதிப் பகுதியில் (போர், எல்லைப் பணி இல்லாத இடத்தில்) தொடங்கியது" என்ற அளவில் மட்டும் இருந்தால் அதுவே உங்கள் அப்பீலின் மையம். படையில் சேரும்போது நோய் குறிப்பிடப்படவில்லை என்றால், அது பணியால் வந்தது என்ற அனுமானம் வீரருக்குச் சாதகம், மறுக்கும் போர்டு காரணம் சொல்ல வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியது. அது 1982-இன் ஊன ஓய்வூதியத் தகுதி விதிகளை வைத்து வந்த தீர்ப்பு. உங்களுக்குப் பொருந்துபவை 2008 விதிகள் என்பதால், அந்த அனுமானம் இதில் இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடும். அனுமானத்தை மட்டும் நம்பாமல் ஆவணத்தால் நிறுவுவதே நல்லது.

அந்த ஆவணங்கள் உங்கள் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலும் நீங்கள் சிகிச்சை பெற்ற ராணுவ மருத்துவமனைகளிலும் இருக்கும். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு, சேர்க்கையின்போது நடந்த மருத்துவப் பரிசோதனை, முதல் சிக் ரிப்போர்ட் (உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போன பதிவு), மருத்துவமனை டிஸ்சார்ஜ் குறிப்புகள், கேட்டகரி மாறிய ஒவ்வொரு முறையும் நிரப்பிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15, பணியிட மாற்றங்களைக் காட்டும் பார்ட் 2 ஆர்டர்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் கேளுங்கள். விபத்தோ கீழே விழுந்ததோ உண்டென்றால் ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்ற காய அறிக்கையும் வேண்டும்.

அடுத்தது மருத்துவர் கடிதம். பலர் சறுக்குவது இங்கேதான். "முதுகுவலி உள்ளது, கனமான வேலை கூடாது" என்ற இரண்டு வரிச் சான்றால் பயன் இல்லை. எலும்பு அல்லது நரம்பு அறுவை நிபுணரிடம் மேலே சொன்ன நகல்களைக் கொடுத்து, எந்தெந்தத் தேதியிட்ட ஆவணங்களைப் படித்தார் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். பிறகு பரிசோதனை விவரம்: படுத்தபடி நீட்டிய காலைத் தூக்கும்போது எத்தனை டிகிரியில் காலுக்குள் வலி இறங்குகிறது, கால் கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் (எல்5 நரம்பு) ஐந்தில் எவ்வளவு, கணுக்கால் அனிச்சை (எஸ்1 நரம்பு) இருக்கிறதா. இவை ஸ்கேனில் தெரியும் அதே டிஸ்க்கோடு பொருந்தினால்தான் எம்.ஆர்.ஐ.க்கு மதிப்பு. தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனையும் சேரலாம். கடைசியாக அவருடைய கருத்து, காரணத்தோடு: கனரக வாகனம் ஓட்டுவோரின் உடல் முழுவதும் தாங்கும் அதிர்வை இடுப்பு வலியோடு ஆய்வுகள் தொடர்புபடுத்துகின்றன, உங்கள் வேலை, வலி தொடங்கிய தேதி, கேட்டகரி இறங்கிய வரிசை ஆகியவற்றைப் பார்த்தால் பணி இதை அதிகமாக்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்று அவர் கருதினால், அப்படியே எழுதட்டும். "இருக்கலாம்" என்று மட்டும் எழுதினால் வலு குறையும்.

கடலூர் அரசு மருத்துவமனையில் வாங்கும் மாற்றுத்திறனாளி சான்று வேறு கணக்கு. அதன் சதவீதத்தை இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இடையில் ஒன்று: சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ கேஸைத் தள்ளிவைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது அவசர நிலை.

உங்கள் 20 சதவீதம் சிறியதல்ல. 20 தான் பென்ஷனுக்குக் குறைந்தபட்சம். ராம் அவதார் வழக்கில் 2014-இல் வந்த தீர்ப்புப்படி அது 50 ஆக உயரும். 100 சதவீதத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்றால், 20-க்கு 2,400, 50-க்கு 6,000. ஆகவே சதவீதத்தை உயர்த்தப் போராட வேண்டாம், பணித் தொடர்பை நிறுவுவதற்கே உழைப்பைச் செலவிடுங்கள். 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துவிட்டதால், அதன் பின் ஓய்வு பெற்றவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் அப்பீலுக்கு மறுப்புக் கடிதத்திலிருந்து ஆறு மாதம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டதால், தாமதத்துக்கான காரணத்தைத் தனிப் பக்கத்தில் எழுதி இணையுங்கள். அதுவும் இரண்டாவது அப்பீலும் தோற்றால் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கடலூரும் புதுச்சேரியும் அதன் எல்லையில்தான் வருகின்றன. தாமதமாக வரும் பென்ஷன் வழக்குகளில், மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும் (தர்சேம் சிங் வழக்கு, 2008). எல்லாக் காகிதமும் வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் மாதாமாதம் நிலுவை கரையும். கையில் இருப்பதை வைத்து அப்பீலை ரெக்கார்ட் ஆபீஸுக்கு இப்போதே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி சான்றையும் பத்திரப்படுத்துங்கள். மற்றவை வர வரக் கூடுதல் ஆவணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.